புத்தகத்தின்படி நான் இத்தாலி போகவில்லை

நான் ஒரு நாட்டுக்குள் களவாகப் போயிருக்கிறேன். லண்டனுக்கு வந்ததைச் சொல்லவில்லை. அது அகதி விண்ணப்பத்துக்கு லோயர் எழுதித் தந்த கதை, அதில் நான் மிகவும் நல்ல பிள்ளை. இது வேறு. இதற்கு ஏஜென்ட் இல்லை, லொறி இல்லை. தோளில் ஒரு சைக்கிளும் முதுகில் ஒரு பார்சல் மரக்கறி ரொட்டியுமாக, என் சொந்த மூளையைப் பாவித்து, பட்டப்பகலில் இத்தாலிக்குள் போனேன். அதுவும் இத்தாலிக்குள் போய்விடக்கூடாது என்று ஓடி ஓடித்தான் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. இல்ஃபோர்டில் அக்கா வீட்டு மேல் அறையில் இருந்துகொண்டு எட்மண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. (பத்தாம் வகுப்புவரை போனேன் என்றுதான் சொல்கிறேன், படித்தேன் என்று சொல்லவில்லை.) வாய்க்குப் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் ஏதாவது இருந்திருந்தால் நான் அப்போதே பேராசிரியர்.

அக்காவின் புருஷன், என் அத்தான், எனக்கு நேரெதிர். எழுபதுகளில் படிக்க வந்து, கவுன்சிலில் இன்ஜினியராகி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தவர். பேச்சைக்கூட அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுத்தான் பேசுவார். நாற்பத்தைந்து வயதில் டொக்டர் அவருக்குப் பிரஷர் என்று சொன்னார். அத்தான் உப்பைக் குறைக்கவில்லை, சைக்கிள் வாங்கினார். பிறகு ஹெல்மெட் வாங்கினார். பிறகு தொடையோடு ஒட்டிய ஒரு கறுப்புக் காற்சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அவர் முதல்நாள் மாடிப்படியால் இறங்கியபோது அக்கா ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். நான், "அத்தான், அதுக்கு மேலாலை போடுற உடுப்பை மறந்திட்டியளோ?" என்று அக்கறையோடு கேட்டேன். அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஐப்பசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு மேப்பை விரித்தார். பிரான்சின் தெற்கு மூலை. மத்தியதரைக் கடல். கடற்கரையில் நின்று தலையை நிமிர்த்தினால் மலை. மலைக்கும் மலைக்கும் நடுவில் கணவாய். சைக்கிளில் ஏறி, ஏற முடியாத இடத்தில் நடந்து, மூன்று நாளில் திரும்புவதாகத் திட்டம். (எங்கள் ஊரில் கணவாய் என்றால் கறி. கணவாய்க்கு ஏன் இவ்வளவு தூரம், பக்கத்து மீன்கடையிலேயே இருக்கிறதே என்றேன். அத்தான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.)

தனியே விட அக்காவுக்கு மனமில்லை. "தம்பி, நீயும் கூடப் போ. மனுசன் எங்கையாவது தலை சுத்தி விழுந்தால் ஆர் பாக்கிறது?" என்றார்.

"சைக்கிளோ? என்னட்டையோ கேக்கிறியள்?" என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

யாழ்ப்பாணத்தான் எவனைக் கேட்டாலும் தன்னைவிடச் சைக்கிளோட்டி உலகத்தில் இல்லை என்பான். பொய்யும் இல்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் நான் பாரில் ஒருவரையும் கரியரில் ஒரு மூட்டை அரிசியையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மிதித்தவன். பிள்ளைத்தாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனதும் சைக்கிளில், மாப்பிள்ளை கோயிலுக்கு வந்ததும் சைக்கிளில். ஆனால் ஒரு சின்ன விஷயத்தை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரி. மேடு கிடையாது. பத்தொன்பது வயதுவரை நான் சைக்கிளில் ஏறிய ஆக உயரமான இடம் ரயில் பாதைக்குக் குறுக்கே ரோட்டில் இருந்த திட்டி. அதிலும் பாதி நாள் இறங்கி உருட்டினேன்.

சரி, மலையைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. அது என் புத்தகம்.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. லண்டனில் தங்க விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த அனுமதியைப் புதுப்பிக்கிற விண்ணப்பமும் அப்போதுதான் ஹோம் ஒபிஸில் கிடந்தது. வெளிநாடு போய்வர மண்ணிற மட்டை போட்ட ஒரு பயணப் புத்தகம் தந்திருந்தார்கள். அதில் பிரான்ஸ் எம்பசி ஒரேயொரு விசா குத்தியது. ஒரு தரம் உள்ளே போகலாம், ஒரு தரம் வெளியே வரலாம். பிரான்ஸ் மட்டும். அதற்கே அக்கா ஈலிங் பக்கத்து அம்மன் கோயிலில் இரண்டு அர்ச்சனை செய்திருந்தார்.

புத்தகத்தைக் கொண்டுபோய் லோயரிடம் காட்டினேன். அவர் எங்கள் ஆள்தான். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சை பார். பிரான்ஸ் எண்டால் பிரான்ஸ். பக்கத்து நாட்டுக்குள்ளை ஒரு கால் வைச்சியெண்டாலும், திரும்ப பிரான்சுக்குள்ளை விடமாட்டான். பிரான்ஸ் விடாட்டில் லண்டனும் இல்லை. புத்தகத்தைப் பறிச்சுப்போட்டு உன்னை எங்கை அனுப்புவாங்கள் எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லைதான். அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாடா கட்டி, இடுப்பில் தொங்கவிட்டேன். மூன்று நாளும் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

வியாழக்கிழமை காலை பறந்து போய் இறங்கினோம். இறங்கிய விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து 'உள்ளே' என்ற முத்திரையை டமார் என்று குத்தினார். கடற்கரை ஊரில் இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். அத்தான் தன் சைக்கிளின் ஹாண்டிலில் லண்டனில் வாங்கிய ஒரு நவீனப் பையைக் கொளுவினார். 'கிளிக்' என்று பூட்டுமாம், 'கிளிக்' என்று கழருமாம். நான் அக்கா கட்டித்தந்த மரக்கறி ரொட்டிப் பார்சலைக் கரியரில் வைத்து, இல்ஃபோர்டிலிருந்து கொண்டுபோன ரியூப் கீலங்களால் இறுக்கிக் கட்டினேன். பழைய சைக்கிள் ரியூப்பை நீளநீளமாக வெட்டி வைத்துக்கொண்டால் உலகத்தில் எதையும் எதனோடும் கட்டலாம். அது எங்கள் ஊர் இன்ஜினியரிங். அத்தான் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல்நாள் ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கியர் என்று ஒரு சாமான் சைக்கிளில் இருந்ததைப் பாதி மலையில்தான் கண்டுபிடித்தேன். அதுவரை அரிசி மூட்டை ஏற்றிய அதே வீரத்தோடு மிதித்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கையில் காய்கறிக் கூடையோடு, நடந்தே என்னை முந்திப் போனார். இறங்கும்போது இன்னொரு பாடம். ஊரில் பிரேக் கட்டை எந்தக் காலத்திலோ தேய்ந்துபோயிருக்கும், குதிக்காலைச் சில்லில் வைத்து அழுத்தித்தான் நிற்பாட்டுவோம். அதே பழக்கத்தில் ஒரு கொண்டையூசி வளைவில் காலை வைத்தேன். சப்பாத்திலிருந்து புகை வந்தது. கீழே சேர்ந்தபோது இடது சப்பாத்தில் குதி இல்லை. மிச்ச இரண்டு நாளும் ஒரு காலால் நொண்டியபடிதான் பிரான்சை ரசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, தங்கிய ஊரிலிருந்து கணவாய்க்குப் புறப்பட்டோம். அத்தான் மேப்பில் பென்சிலால் காட்டினார்: இது நாங்கள் ஏறும் ரோட்டு, இது கணவாய், அங்கால ஒரு மைல் தள்ளி எல்லைக் காவல், அதற்குக் கீழே இத்தாலி. கணவாயில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புவதாகப் பேச்சு. அந்த ஒரு மைலைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். மேப் அத்தானின் சொத்து அல்ல என்றார்.

கடைசி ஏற்றத்தில் அத்தானுக்கு மூச்சு வாங்கியது. நான் அவரை விட்டு முன்னால் போய், கணவாய்க்கு முந்திய வளைவால் திரும்பினேன்.

முன்னால் ரோட்டோரம் ஒரு ஜீப் மாதிரியான வண்டி நின்றது. பக்கத்தில் இரண்டு பேர். பச்சைப் புள்ளி போட்ட உடுப்பு. தோளில் துவக்கு. காலடியில் ஒரு நாய்.

அதற்குப் பிறகு நடந்ததை என் மூளை செய்யவில்லை. என் கால் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஆமிச் சென்றியைக் கண்டால், அதாவது ராணுவக் காவலரணைக் கண்டால், நூறு யார் தூரம் முன்னாலேயே சைக்கிளால் இறங்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். அடையாள அட்டையைத் தெரிகிற மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடக்க வேண்டும். இறங்காமல் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். லண்டனுக்கு வந்து மூன்று வருடம். அங்கே பொலிஸ்காரனோடு பகிடி விடுகிற அளவுக்குத் தேறியிருந்தேன். என் காலுக்கு அது இன்னும் சொல்லப்படவில்லை.

ஹெல்மெட் கையில், புத்தகம் பாதி வெளியில், பத்து அடி நடந்துவிட்டேன். அப்போதுதான் மூளை வந்து சேர்ந்தது. எல்லை ஒரு மைல் அங்கால என்றார் அத்தான். ஆமி இங்கே நிற்கிறான். அப்படியென்றால் ஒன்றில் அத்தானின் பென்சில் பிழை, அல்லது நான் ஏற்கெனவே இத்தாலியில் நிற்கிறேன். பென்சில் பிழைக்கலாம், துவக்கு பிழைக்காது.

மெதுவாகப் பின்னால் நடந்தேன். வளைவு மறைத்ததும் ஓடினேன். அத்தான் உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"அத்தான், திரும்புங்கோ. ஆமி."

"என்ன ஆமி?"

"இத்தாலி ஆமி. ரெண்டு பேர், துவக்கோடை நிக்கிறாங்கள்."

"எல்லைக்கு இன்னும் ஒரு மைல் கிடக்கு. நீ நில், நான் போய்க் கேட்டிட்டு வாறன்."

"ஆமியிட்டை ஆரும் தேடிப்போய்க் கேள்வி கேக்கிறவையே அத்தான்?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மேலே வெடி கேட்டது. ஒன்று. மலை அதை ஏழெட்டாக்கித் திருப்பித் தந்தது.

அத்தான் கலவரம் ஒன்றையும் காணாமல் ஊரை விட்டு வந்த மனிதர். வெடிச்சத்தத்தை டிவியில்தான் கேட்டவர். ஆனாலும் என்னைவிட ஒரு விநாடி முன்னதாக ரோட்டோரக் கானுக்குள், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள், குப்புறக் கிடந்தார். ஹெல்மெட் போட்டவருக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான். மேலே நாய் குரைத்தது. யாரோ கத்தினார்கள்.

"இந்த ஒற்றையடிப் பாதை," என்று அத்தான் கானுக்குள் கிடந்தபடியே மேப்பைக் கண்ணருகில் பிடித்துக்கொண்டு இரகசியமாகச் சொன்னார், "மலையைச் சுத்திப்போய் நாங்கள் ஏறி வந்த ரோட்டிலையே விடும்."

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பற்றைப் புதருக்குள் பாய்ந்தோம். போன வேகத்தில் அத்தானின் நவீனப் பை 'கிளிக்' என்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவருடைய வாசிப்புக் கண்ணாடி அதற்குள்தான் இருந்தது. கானுக்குள் அவர் மேப்பைப் படித்தது கண்ணாடி இல்லாமல் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தப் பாதை ஆட்டுக்குப் போட்டது. ஒரு பக்கம் கல்லுச் சரிவு, மறு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குக் கீழே, வெகுதூரத்தில், நீல நிறத்தில் கடல் தெரிந்தது. மற்ற மனிதர்கள் அதைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள். நான் அன்று என் மீதிக் குதியை மட்டும்தான் பார்த்து நடந்தேன். கல் உருண்டால் நின்றோம். காகம் கத்தினால் குந்தினோம். ரொட்டிப் பார்சலைக் கரியரிலிருந்து எடுத்து முதுகில் கட்டிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தான் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. சைக்கிள் மட்டும் நேராக நின்றது.

அக்கா என்னை அனுப்பியது இதற்குத்தான். இதற்கு மட்டும்தான்.

தண்ணீரைக் கொடுத்தேன். அவசரத்தில் பாதி அவர் சட்டையில் போனது. கீழே எங்கோ நாய் குரைத்தது. கத்திக் கூப்பிட்டால் யாரோ வருவார்கள். வருகிறவர்கள் புத்தகத்தைக் கேட்பார்கள்.

"அத்தான், ஏலாட்டில் சொல்லுங்கோ. நான் கத்திக் கூப்பிடுறன். வாறவன் ஆராய் இருந்தாலும் பரவாயில்லை."

"உன்ரை விசா?"

"விசாவைப் பிறகு பாப்பம்."

அத்தான் தண்ணீர்ப் போத்தலை மூடிப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு ரொட்டி கேட்டார். (கறி உப்புக் கொஞ்சம் கூட என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.) சாப்பிட்டு முடித்துக் கையை அந்தக் கறுப்புக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"கத்தத் தேவையில்லை. நட."

அதற்குப் பிறகு இரண்டு சைக்கிளையும் நான்தான் சுமந்தேன். ஒன்றை நூறு அடி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மற்றதை எடுப்பேன். இப்படியே மலையை இரண்டு தரம் நடந்தேன்.

மத்தியானம் தாண்டிப் பாதை இறங்கி ஒரு கிராமத்துக்குள் விட்டது. சின்னக் கோயில், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கடை. அத்தான் குழாய்த் தண்ணீரில் தலையை நனைத்துவிட்டு, "சொன்னன்தானே," என்றார். நான் சுவரில் இருந்த தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு. ஒரு கணம், லண்டனுக்கே வந்துவிட்டோம் என்று மனம் குளிர்ந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல்நாள் கடற்கரையில் அக்காவுக்கு ஒரு தபாலட்டை போட்டேன். பிரான்சில் தபால் பெட்டி மஞ்சள்.

"அத்தான், அந்தக் கடையிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசியுங்கோ."

கண்ணைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, எழுத்துக் கூட்டினார். பிறகு தண்ணீர்க் குழாயின் திண்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே அது இத்தாலி என்று தெரிந்தது.

என் வாழ்க்கையில் நான் பேச்சிழந்தது இரண்டு தரம். அதில் இது முதல் தரம். பிரான்சுக்குத் திரும்ப இரண்டு வழி. ஒன்று வந்த ஆட்டுப்பாதை, அத்தானின் உடம்பு அதை இன்னொரு தரம் தாங்காது. மற்றது ரோட்டு. ரோட்டில் முதலில் இத்தாலிக் காவல், அடுத்தது பிரான்ஸ் காவல். அத்தான் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம். மறுநாள் மத்தியானம் லண்டனுக்கு பிளேன். இடுப்பில் புத்தகம் சுட்டது.

"அத்தான், நீங்கள் போங்கோ. நான் பாதையாலை வாறன்."

"உன்ரை அக்காவிட்டை நான் என்ன சொல்ல? பேசாமல் இரு." அத்தான் என்னை அதட்டுவது வழக்கம். அன்று அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. அதே வண்டி. அதே இரண்டு பேர். அதே புள்ளிச் சட்டை. கால் மறுபடியும் என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, புத்தகத்தை நீட்டிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

அவர்களில் பெரிய மீசைக்காரர் இறங்கி வந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. அத்தானின் நவீனப் பையை அவர் கையில் வைத்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அத்தானின் மாலைநேர வகுப்புப் பிரெஞ்சில் கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவர் பெயர் மார்செல். மற்றவர் அவருடைய தம்பி. ஆமியும் இல்லை, இத்தாலியும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்துப் பிரெஞ்சு ஊர்க்காரர்கள், பன்றி வேட்டைக்கு வந்தவர்கள். ரோட்டில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தானாம், பிறகு பேயைக் கண்டவன் போலப் பின்னால் ஓடினானாம். பன்றிக்கு வெடி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கானுக்குள் ஒரு பை கிடக்கிறது, ஆளைக் காணோம். அந்தப் பாதை இந்தக் கிராமத்தைத் தவிர வேறெங்கும் போகாது, வழியில் விழுந்து செத்தவர்களும் உண்டு. அதுதான் பதறிக்கொண்டு தேடி வந்தார்கள்.

நான் அந்த மனிதரிடமிருந்து தப்பத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

என் புத்தக விஷயத்தை அத்தான் எடுத்துச் சொன்னார். மார்செல் தோளைக் குலுக்கினார். காவலில் நிற்கிறவர்கள் தெரிந்த பெடியள்தான், வண்டியை நிறுத்தவே மாட்டார்கள், ஏறுங்கள் என்றார். முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். அத்தான் அங்கே. பின்னால் இரண்டு சைக்கிள், நாய், நான், அன்று காலை சுட்ட காட்டுப் பன்றி.

என்னைவிடக் கனமாக இருந்தது. கயிறு தளர்ந்து, வண்டி ஆடும்போதெல்லாம் என் பக்கம் உருண்டது. நான் ரியூப் கீலங்களை எடுத்து அதன் நாலு காலையும் சேர்த்து அரிசி மூட்டை மாதிரிக் கட்டி வண்டியின் கம்பியோடு இறுக்கினேன். வண்டியை நிறுத்தி இறங்கி வந்த மார்செலின் தம்பி கீலத்தை இழுத்து இழுத்துப் பார்த்து வியந்தார். அந்த மூன்று நாளில் என்னை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

சும்மா உட்கார்ந்து வந்திருக்கலாம். வேட்டைக்காரரின் சிநேகிதன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மூலையில் ஒரு தார்ப்பாய் கிடந்தது. அதைக் கண்டதும் என் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"டேய், நேரா இருந்து வா," என்று அத்தான் முன் ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னார்.

"லொறியிலை வந்தவனுக்கு லொறியிலை போகத் தெரியும், அத்தான்," என்றேன். படுத்து, தார்ப்பாயை இழுத்து, பன்றியையும் என்னையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, கிடையாது. மீன் சட்டியைக்கூட அன்று வெளியில் எடுக்க மாட்டார்கள். நான் பன்றியோடு மூக்கும் மூக்குமாகக் கிடந்தேன். அதற்கு ஒரு கண் திறந்திருந்தது.

வண்டி வளைந்து வளைந்து ஏறியது. ஒரு இடத்தில் மெதுவாகி, யாரோ சிரித்து, மறுபடி வேகம் எடுத்தது. இத்தாலி முடிந்தது. எண்ணத் தொடங்கினேன். நூற்றெழுபதில் வண்டி மறுபடி மெதுவானது. இந்த முறை நின்றது. இன்ஜினையும் நிறுத்தினார்கள்.

சப்பாத்துச் சத்தம். சுற்றி, பின்னால் வந்தது. நாய் வாலால் என் முழங்காலில் அடித்தது. மூச்சை நிறுத்தினேன். லோயரின் கண்ணாடி ஞாபகம் வந்தது. அக்கா செய்த இரண்டு அர்ச்சனையும் ஞாபகம் வந்தது.

மார்செல் எங்களுக்குச் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. போகும்போது காவலில் நின்ற அதிகாரியிடம், பெரிய பன்றி கிடைத்தது, ஆனால் இரண்டு பேரைக் காணவில்லை, தேடப் போகிறோம் என்று ஓடுகிற வண்டியிலிருந்தே கத்தியிருக்கிறார். வரும்போது பன்றியைக் காட்டாமல் போகக்கூடாது என்று அதிகாரியும் கத்தியிருக்கிறார்.

தார்ப்பாய் ஒரே இழுப்பில் போனது.

வெளிச்சம். நீலச் சட்டை. தொப்பி. அதற்குள் ஒரு முகம். அவர் பன்றியைப் பார்த்தார். பன்றியின் கழுத்தைச் சுற்றி இருந்த என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் தரம் பேச்சிழந்தது இதுதான். படுத்தபடியே புத்தகத்தை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். முன் பக்கம், விசா, பின் பக்கம், மறுபடி விசா. அத்தான் இறங்கி ஓடிவந்து, வியர்க்க வியர்க்க, மலை, பாதை, கண்ணாடி என்று விளக்கினார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். புத்தகத்தோடு உள்ளே போனார். கதவு சாத்தியது. மார்செல்கூட மீசையைத் தடவுவதை விட்டுவிட்டார். அத்தான் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய விரல்கள் என் விரல்களுக்குப் பக்கத்தில் இருந்தன.

கதவு திறந்தது. அதிகாரி அத்தானிடம் நிதானமாகச் சில கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அத்தான் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"என்னவாம் அத்தான்?"

"இத்தாலி முத்திரை இருக்கோ எண்டு கேக்கிறார். இல்லை எண்டன். பிரான்சை விட்டு வெளிக்கிட்ட முத்திரை இருக்கோ எண்டு கேக்கிறார். அதுவும் இல்லை." அத்தான் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அப்ப புத்தகத்தின்படி நீ பிரான்சை விட்டு வெளிக்கிடவே இல்லையாம். பிரான்சிலை நிக்கிறவனைத் தான் என்னெண்டு பிரான்சுக்குள்ளை விடுறது எண்டு கேக்கிறார்."

புத்தகம் என் மடியில் வந்து விழுந்தது. அதிகாரியின் மற்றக் கையில் ஒரு கமெரா இருந்தது. அதை எடுக்கத்தான் இவ்வளவு நேரமும் உள்ளே போயிருக்கிறார். எழும்ப வேண்டாம், அப்படியே பன்றியைப் பிடித்துக்கொண்டு இரு என்று சைகை காட்டிப் படம் எடுத்தார். படத்தை அனுப்பி வைக்க விலாசம் கேட்டார். எங்கள் வீட்டு மரியாதையே உருவான அத்தான், இல்ஃபோர்ட் விலாசத்தை அடிமட்டம் வைத்த எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் டெலிபோன் பெட்டியிலிருந்து அக்காவுக்கு எடுத்தோம். ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று அத்தானும் நானும் சத்தியம் செய்திருந்தோம். அக்கா அவருடைய பிரஷரைக் கேட்டார், குளிரைக் கேட்டார், கடைசியில், "தம்பி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்சம் ஒண்டும் படேல்லைத்தானே?" என்றார்.

"வாயிலை படேல்லை அக்கா," என்றேன்.

இரண்டு கிழமை கழித்துப் படம் தபாலில் வந்தது. அக்காதான் பிரித்தார். என்னைத் தலைக்கு முழுகச் சொல்லிக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். முன் சீட்டில் இருந்து வந்தவருக்கும் தோஷம் உண்டு என்று அத்தானையும் முழுக வைத்தார். படத்தைக் கிழிக்கவில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டாருக்குக் காட்டிய போட்டோ அல்பத்தில் அது முதல் பக்கத்தில் இருந்தது. பொய் சொல்லிக் கட்டிவைக்கக்கூடாதாம். என் மனைவி இன்றுவரை, அந்தப் படத்தில் இருந்த இருவரில் அமைதியானவரைப் பார்த்துத்தான் சம்மதித்ததாகச் சொல்கிறாள்.

பிறகு எனக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கிற காலம் வந்தது. அத்தான் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார். போய்வந்த நாடுகள் என்ற இடத்தில் பென்சில் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சமையலறைக்குள் இருந்து அக்கா, "பண்டியோடை போன நாட்டையும் எழுதுங்கோ," என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எந்தப் படிவத்தை நிரப்பினாலும், பள்ளிக்கூடப் படிவமானாலும் கார் இன்சூரன்ஸ் ஆனாலும், பக்கத்தில் ஒருவர் நின்று "இத்தாலி போட்டாச்சோ?" என்று கேட்பார்.

சில வருடம் முன்பு பிள்ளைகள் இழுத்துக்கொண்டுபோக, குடும்பமாக ரோமுக்குப் போனோம். அத்தானும் அக்காவும் வந்தார்கள். டாக்ஸிக்காரர் நல்ல மனிதர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, இத்தாலிக்கு வருவது முதல் தடவையா என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஓம், முதல் தரம்தான்," என்றேன்.

பின் சீட்டிலிருந்து என் மகள் அந்த டாக்ஸிக்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னாள்: புத்தகத்தின்படி.